சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி

எங்கள் சான் எலியாஸ் ஊரில் யார் இறந்தாலும் முதலில் பாதிரியாருக்கு ஆள் போகும், அடுத்து எனக்கு. ஒன்பது நாள் செபத்தை முன்நின்று சொல்வது என் ஊழியம். "பெலாங் அக்காவுக்கு ஊரில் இருப்பவர்களைவிடப் போனவர்களைத்தான் நன்றாகத் தெரியும்" என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். செபம் முடிந்ததும் கிடைக்கும் நூடுல்ஸும் காபியும் என்னை இத்தனை காலம் நன்றாகவே வைத்திருக்கின்றன.

தளபதி கிரிசாந்தோ வில்லாருபியா எங்கள் ஊர்க்காரர். முதலில் ஸ்பானியரோடும் பிறகு அமெரிக்கரோடும் போரிட்டவர். நாட்டில் எந்தப் பள்ளிக்கூடப் புத்தகத்தைத் திறந்தாலும் குதிரைமேல் உட்கார்ந்திருப்பார். எங்கள் ஊரில் பிறந்த லியெட் மணிலாவுக்குப் போய் சினிமா டைரக்டர் ஆகி, அவரைப் பற்றிப் படம் எடுக்கிறாள் என்றதும் ஊரே துள்ளியது. படம் வெளிவந்த பிறகுதான் தெரிந்தது, அது குதிரையைப் பற்றிய படம் இல்லை.

மணிலாவில் படம் பார்த்துவிட்டு வந்த பல் டாக்டர்தான் செய்தியைக் கொண்டுவந்தார். தளபதி தன் சொந்தப் படையில் இருந்த எர்மோஹெனெஸ் திபாயன் என்பவரை, விசாரணை இல்லாமல், சுடச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறாராம். அந்த எர்மோஹெனெஸும் எங்கள் ஊர்தான். கோவில் பேண்டில் முரசடித்தவர். நூறு வருஷத்துக்கு மேலாக அவருக்கு இங்கே ஒரே பெயர், துரோகி. அவருடைய வம்சத்தில் வந்த சாலிங், சந்தை முனையில் வாழையிலையில் சுற்றிய சுமான் விற்கிறாள். தேங்காய்ப்பாலில் வெந்த அந்தப் பச்சரிசிப் பலகாரத்துக்கு ஊரில் ஈடு கிடையாது. ஆனாலும் அவள் வீட்டுக்கு வழி கேட்டால், "துரோகி வீடா? பாலம் தாண்டி இடது பக்கம்" என்றுதான் சொல்வார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. பழக்கம்.

தளபதியின் கொள்ளுப்பேரன் கிளெட்டோ, காபிக் கொட்டைக் கிடங்கு வைத்திருப்பவர், அன்று சாயங்காலமே என் வீட்டுக்கு வந்துவிட்டார். என் மகனுக்கு அவர் ஞானத்தகப்பன். அந்த உறவில் எனக்கு அவர் கும்பாரே, அவருக்கு நான் கும்மாரே.

"கேட்டீங்களா, கும்மாரே? நம்ம லியெட் தளபதியைக் கொலைகாரர்ங்கறாளாம்!"

"நீங்க படம் பாத்தீங்களா?"

"பாக்க வேற செய்யணுமா? பாத்தா எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறிடும்."

"பாக்காமயேதான் ஏறியிருக்கு. உக்காருங்க, காபி தரேன்."

"அது என் கிடங்குக் காபிதானே?"

"பின்னே? விலை கொடுத்து வாங்கினது. தைரியமா குடிங்க."

குடித்தார். கோபம் மட்டும் இறங்கவில்லை. ஏனென்றால் லியெட் அந்தப் படத்தை ஊருக்குக் கொண்டுவந்து, கூரை போட்ட கூடைப்பந்து மைதானத்தில் எல்லாருக்கும் இலவசமாகக் காட்டப்போகிறாள். அதில் ஒரு சிக்கல். புயலில் அறுந்த மின்கம்பி இன்னும் சரியாகாததால், மைதானத்துக்கு மின்சாரம் பக்கத்துக் கிடங்கிலிருந்துதான் வருகிறது. கிளெட்டோவின் கிடங்கு.

எங்கள் பகுதித் தலைவர் கபித்தான் எலிசியோ யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பாத மனிதர். இரண்டு பேரையும் கூப்பிட்டார். சண்டை வந்தால் நடுவில் நிற்க என்னையும் கூப்பிட்டார்.

"டிரெக்," என்றார் லியெட்டிடம். எங்கள் நாட்டில் டைரக்டர் என்றால் அப்பா அம்மாகூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நீங்க படத்தைப் போடுங்க. கிளெட்டோ அண்ணே, கரண்ட் உங்களோடது. அதனால மெயின் சுவிட்சுக்குப் பக்கத்துல உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டுடறேன். தளபதிக்கு அவமானம்னு உங்களுக்கு எப்போ தோணுதோ, அப்போ தட்டி அணைச்சிடுங்க."

"அண்ணனுக்கு பேர் போடும்போதே தோணுமே!" என்றாள் லியெட்.

"நான் நியாயஸ்தன்," என்றார் கிளெட்டோ. "நிஜமா தோணினாத்தான் தட்டுவேன்."

"அம்மா மேல சத்தியமா?"

"உங்க அம்மா மேல நான் ஏன் சத்தியம் பண்ணணும்? எங்க அம்மா மேல பண்றேன்."

கபித்தானுக்குத் தன் தீர்ப்பின்மேல் அப்படி ஒரு பெருமை. அன்றைக்கெல்லாம் பார்ப்பவர்களிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் சுமான் வாங்கப் போனபோது சாலிங் இலையை மடித்துக்கொண்டே கேட்டாள். "அக்கா, படம் முழுசா ஓடுமா?"

"ஆண்டவருக்குத்தான் தெரியும். ஏன்?"

"எங்க கொள்ளுத்தாத்தா எப்படிச் செத்தார்னு எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. கேட்டா பெரியவங்க பேச்சை மாத்திடுவாங்க. அவர் நல்லவரோ கெட்டவரோ, கடைசிவரைக்கும் ஒருதரம் பாத்துடணும்க்கா. பாதியில நின்னுபோனா, நான் மணிலாவுக்குப் போயா பாக்கப்போறேன்?"

நான் வாக்குக் கொடுக்கவில்லை. சுவிட்ச் என் கையில் இல்லையே. அன்றைய செபமாலையில் சாலிங்குக்காக ஒரு மணி கூட்டிச் சொன்னேன். சுவிட்சுக்காகவும் ஒன்று.

படம் காட்டிய சாயங்காலம் மைதானத்தில் ஊசி விழ இடமில்லை. கைக்குழந்தைகள், நாய்கள், சர்க்கரையில் பொரித்த வாழைப்பழக் குச்சிகள். கிளெட்டோ, தளபதி நினைவுநாளுக்கு மட்டும் உடுத்தும் மெல்லிய பரோங் சட்டையைக் கஞ்சி போட்டு உடுத்திக்கொண்டு, மதிலோரம் நாற்காலியில் உட்கார்ந்து சுவிட்சின்மேல் விரலை வைத்திருந்தார். யாரோ ஒருத்தி, "அண்ணே, ஃபேனும் அந்த சுவிட்சுதானா? பாத்துத் தட்டுங்க, புழுங்குது!" என்று கத்தினாள். அவர் முறைத்தார்.

முன்பாதியில் அவருக்குக் குறையே இல்லை. தளபதி குதிரையில் வந்தார், பாலத்தைப் பிடித்தார், காயம்பட்டவனுக்குத் தன் தண்ணீரைக் கொடுத்தார். கிளெட்டோ கையை எடுத்துத் தட்டவே தட்டினார். சுவிட்சை இல்லை, கைதட்டல்தான். நடிகருக்கு அப்படியே தளபதியின் மூக்கு, தங்கள் குடும்ப மூக்கு என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

பிறகு பாசறையில் மழை பிடித்துக்கொண்டது. சாப்பாடு குறைந்தது. யாரோ காட்டிக்கொடுக்கிறார்கள் என்ற பேச்சு கூடாரத்துக்குக் கூடாரம் போயிற்று. முரசுக்காரன் எர்மோஹெனெஸ் ஒருநாள் அனுமதியில்லாமல் வீட்டுக்குப் போய்வந்தான் என்றார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவன் சொன்னதை யாரும் கேட்கவில்லை. ஒரு தாள் வந்தது. தளபதி அதை நெடுநேரம் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

கிளெட்டோவின் விரல் சுவிட்சுக்குத் திரும்பிவிட்டது. கபித்தான் நகத்தைக் கடித்தார். சாலிங் கடைசி வரிசைக்கும் பின்னால், கூடையைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

திரையில் அந்த மனிதனைக் கை கட்டி மூங்கில் புதருக்குக் கூட்டிப்போனார்கள். பாதிரியார் வேண்டும் என்று கேட்டான். இல்லை என்றார்கள். "அப்போ நானே சொல்லிக்கறேன்" என்று மழையில் மண்டியிட்டு, அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினான். செபத்தின் முதல் பாதியைச் சொல்லி முடித்து, நிறுத்தினான். மறுபாதியை மற்றவர்கள் சொல்ல வேண்டும், அதுதானே வழக்கம். அவன் காத்திருந்தான். சிப்பாய்கள் தரையைப் பார்த்தார்கள். தூரத்தில் குதிரைமேல் தளபதி முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரும் பதில் சொல்லவில்லை. மழை மட்டும் பெய்தது.

மணிலாவில் இந்த இடத்தில் மக்கள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்று லியெட் பிற்பாடு சொன்னாள். அந்த மௌனத்துக்காகத்தான் படமே எடுத்தாளாம். ஆனால் எங்கள் ஊர் மணிலா இல்லை. இங்கே முதல் பாதி காதில் விழுந்தால், வாயில் சோறு இருந்தாலும் மறுபாதி வந்துவிடும்.

மதிலோரத்திலிருந்து கரகரத்த ஒரு குரல் எழுந்தது. "தூய மரியே, இறைவனின் தாயே..."

அது கிளெட்டோவின் குரல்.

அடுத்த சொல்லுக்கு மைதானமே சேர்ந்துகொண்டது. கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள், பழம் விற்றவன், பல் டாக்டர்கூட. "எங்கள் இறப்பின் வேளையிலும்" என்று நாங்கள் சொல்லும்போது கூரைத் தகரம் அதிர்ந்தது. திரையில் அந்த மனிதன் தலையை நிமிர்த்தினான். படத்தில் அது அப்படித்தான் எடுக்கப்பட்டிருந்தது, எனக்குத் தெரியும். ஆனாலும் எங்கள் குரல் அவனுக்குக் கேட்டுவிட்டது என்றே இன்றுவரை நினைக்கிறேன். வெடிச்சத்தம் கேட்டது. திரை அணையவில்லை. கிளெட்டோவின் கை நெஞ்சில் இருந்தது.

படம் கடைசிவரை ஓடியது. எல்லாரும் எழுந்த பிறகும் அவர் எழவில்லை. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"என்ன கும்பாரே, சுவிட்சை மறந்துட்டீங்களா?"

"மறக்கல. ஒரு மனுஷன் பாதியில நின்னுட்டு இருக்கான், கும்மாரே. எப்படிப் பதில் சொல்லாம இருக்கறது?" பிறகு மெதுவாக, "தளபதி சொல்லலையே" என்றார்.

தோளில் கை வைத்தேன்.

லியெட் தயங்கித் தயங்கி வந்தாள். "அண்ணே, நான் அவரைக் கீழ தள்ளறதுக்காக எடுக்கல. கேள்விதான் கேட்டேன்."

"தெரியுது, போ. குதிரையை விட்டு இறக்கி விட்டுட்ட, அவ்வளவுதான். அந்த மூக்கு மட்டும் நல்லா அமைஞ்சுது."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியவில்லை. அதற்குள் அவர் எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு சாலிங்கிடம் போய்விட்டார்.

"அவருக்கு ஒன்பது நாள் செபம் நடந்துச்சா?" என்று கேட்டார்.

"துரோகிக்கு யாரு அண்ணே வருவா?"

"நான் வரேன்."

சாலிங் அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஞாயிறுதோறும் அவள் சுமானைத்தான் அவர் தின்கிறார். ஆனால் ஒருநாளும் கடைப்பக்கம் வந்ததில்லை. "நீங்களே வருவீங்களா? இல்ல, சுமான் வாங்கற மாதிரி டிரைவரை அனுப்புவீங்களா?"

மைதானம் இடிந்துவிழுகிற மாதிரி சிரிப்பு. கிளெட்டோவுக்குக் காது சிவந்தது. "நானே வரேன்மா. டிரைவருக்கு செபம் சரியா வராது," என்றார்.

சொன்னபடியே வந்தார். சாலிங் வீட்டில் நாற்காலி போதாது என்று கிடங்கு வண்டியில் நாற்காலிகளை ஏற்றிவந்து, தானே இறக்கி வரிசையாகப் போட்டார். முழங்கால் வலி உள்ள மனிதர், மண்டியிடும்போது மட்டும் நாற்காலியைத் தொடவில்லை. முதல் நாள் அக்கம்பக்கத்தார் மட்டும் வந்தார்கள். அப்புறம் தெருவரைக்கும் ஆள். நூடுல்ஸ் அண்டாவைக் கபித்தான் வீட்டிலிருந்து தூக்கிவந்தார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் யாரோ வழி கேட்டதற்கு, "சாலிங் வீடா? கூட்டமா இருக்கும் பாரு, அங்கதான்" என்று ஒருவன் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

கடைசி நாள். நான் செபமாலையைக் கையில் எடுத்ததும் சாலிங் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"அக்கா, இன்னிக்கு தளபதி பேரையும் சேத்துக்குங்க."

கிளெட்டோவுக்குக் கேட்டுவிட்டது. "அவருக்கு எதுக்கும்மா? அவருக்கு நாடு முழுக்கச் சிலை இருக்கு."

"சிலை இருக்கு அண்ணே. அவருக்காக யாராவது ஒரு செபம் சொல்லியிருக்காங்களா?"

நான் யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருஷ ஊழியத்தில் அவருக்காக ஒருவரும் என்னைக் கூப்பிட்டதில்லை. நினைவுநாளில் மலர்வளையம் வைப்போம், தேசிய கீதம் பாடுவோம், மேயர் பேசுவார், வெயிலில் பிள்ளைகள் மயங்கி விழுவார்கள். அவருக்கும் ஒரு ஆத்துமா உண்டு, அதற்கும் இரக்கம் வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அது தோன்றியது சுமான் கூடைக்காரிக்கு, அதுவும் துரோகி வீட்டுப் பெண்ணுக்கு.

கிளெட்டோ கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார், தளபதியின் மூக்கை.

எர்மோஹெனெஸ் திபாயனுக்காக, கிரிசாந்தோ வில்லாருபியாவுக்காக என்று தொடங்கினேன்.

"கும்மாரே," என்று பின்னாலிருந்து கிசுகிசுப்பு. "தளபதி பேர் ரெண்டாவதாவா?"

"இது அவங்க வீடு, கும்பாரே."

"ம். சரிதான். ஆனா கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. வயசானவரு, காது கேக்காது."

சாலிங்தான் முதலில் சிரித்தாள். நான் தளபதியின் பெயரை மறுபடியும், தெருமுனைவரை கேட்கும்படி சொன்னேன். பதில் செபம் அன்றைக்குச் சிரிப்பும் மன்றாட்டுமாகக் கலந்து வந்தது. அப்படியே மேலே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.