ஒற்றைக் கம்பி வழியே

போடிமெட்டுக்கு மேலே, கோட்டைச்சாமியின் ஏலத்தோட்டத்து ஆபீசில் ஹார்ட் டிஸ்க் பெட்டி காலையிலிருந்தே கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. கீழ்ச்சரிவில் கடப்பாரைகள் மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தன. இரண்டு சத்தங்களுக்கும் நடுவில் ஞானசெல்வி உட்கார்ந்திருந்தாள்.

ஞானசெல்வி போடியில் மளிகைக்கடை வைத்திருக்கும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். வேளாண்மை படித்தவள். கல்லாவில் உட்கார் என்ற அப்பாவோடு சண்டை போட்டு மலையேறி வந்து ஆறு வருஷமாகிறது. ஆறு வருஷமும் ஒரே வேலைதான். கட்டே நோய் விழுந்த சரிவில் நிற்கும் ஏலத்தூர்களுக்குத் தகரச் சீட்டில் நம்பர் கட்டி, மாதாமாதம் ஒவ்வொன்றாகப் பார்த்து, எது நோயை வாங்கியது, எது வாங்கவில்லை என்று குறித்து வைப்பாள். கட்டே வந்த தூரின் இலையில் வெளிர்ப்பச்சைக் கோடு விழும். தூர் குறுகும், காய்ப்பு நின்றுபோகும். அதற்கு மருந்து கிடையாது, பிடுங்கி எரிப்பதுதான் வைத்தியம். ஆனால் அந்தச் சரிவில் சுற்றிலும் எல்லாம் சாகும்போது சில தூர்கள் மட்டும் அசையாமல் நின்றன. அவற்றின் கன்றுகளைப் பிரித்து நட்டால் இந்த மலைக்கே விடிவுகாலம் என்று அவள் நம்பினாள். இந்த மழையோடு பொறுக்கி எடுத்துவிடலாம் என்றிருந்தாள்.

மழைக்கு முன்னால் பக்கத்துத் தோட்டக்காரர்கள் வந்துவிட்டார்கள். உன் சரிவிலிருந்துதான் அசுவினிப் பூச்சி நோயைச் சுமந்து பறந்து வந்து எங்கள் ஏலத்தைக் கெடுக்கிறது, அடியோடு எரிக்காமல் விடமாட்டோம் என்று கோட்டைச்சாமியின் சட்டையைப் பிடிக்காத குறை. அவரும் இன்றைக்கு எரித்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். ஞானசெல்வி அழாத குறையாகக் கேட்டபோது ஒன்று மட்டும் இறங்கி வந்தார். தாங்கும் தூர் எது என்று நம்பரோடு சொன்னால் அதை மட்டும் விட்டுவிடுகிறேன், வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது என்றார். அதில் நியாயம் இருந்தது. போன வருஷம் பச்சையாக நின்றதில் பாதி இந்த வருஷம் கோடு விழுந்து கிடக்கிறது. கண்ணால் பார்த்துச் சொல்வது சீட்டுக் குலுக்குவதுதான்.

அந்த நம்பரெல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. வேறெங்கும் இல்லை. நோட்டுகளைப் பூஞ்சை தின்றதால்தான் கம்ப்யூட்டரே வாங்கியது. அதிலிருந்து எடுத்த நகல்களைத் தட்டுத் தட்டாகப் பிளாப்பியில் போட்டு ஞானசெல்வி பீரோவில் வைத்திருந்தாள். அவள் ஊருக்குப் போயிருந்த ஒரு வாரத்தில் கோட்டைச்சாமிக்கு அக்கறை பொங்கிவிட்டது. இந்த ஈரத்தில் பிளாப்பியும் பூத்துப்போகுமே என்று அத்தனையையும் தூக்கிக்கொண்டுபோய், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் காயோடு காயாகப் பரப்பி வைத்தார். தீ மூட்டிய அறை. திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தன. இந்த மலையில் எதைக் காப்பாற்றுவதென்றாலும் ஸ்டோரில்தான் வைப்பார்கள். அவரை என்ன சொல்லித் திட்டுவது?

இப்போது பெட்டியும் சாகக் கிடந்தது. மதுரையில் அதை விற்றவருக்குப் போன் போட்டாள். நிறுத்திவிடாதீர்கள், நின்றால் மறுபடி சுற்றாது, ஓடுகிறவரை உள்ளே இருப்பதைக் கம்ப்யூட்டருக்கு இழுத்துக்கொள்ளுங்கள் என்றார். வேகமாக இழுப்பதற்குத்தான் வழியில்லை. பெட்டியின் முதுகில் இரண்டு வாய்கள் இருந்தன. ஒன்றில் பழைய மெல்லிய கம்பி மாட்டியிருந்தது. அதில் தகவல் ஒற்றையடிப் பாதையில் ஆள் போவதுபோல ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். அகலமான இன்னொரு வாய், ஸ்கசி என்று புதிதாக வந்திருக்கும் முறைக்கானது. அதில் எட்டெட்டாகத் தோளோடு தோள் சேர்ந்து ஓடி வரும். யார் செய்த பெட்டியானாலும் யார் செய்த கம்ப்யூட்டரானாலும் பொருந்தும் என்று எல்லாரும் கூடி ஒப்புக்கொண்ட முறை. கம்ப்யூட்டருக்குள் அதற்கான அட்டை ஒன்றைச் சொருகினால் போதும். போன மாதமே கேட்டாள். வேலை நடக்கிறதல்லவா, வெரசா நடந்து என்ன ஆகப்போகிறது என்று கோட்டைச்சாமி ஜீப்புக்கு டயர் வாங்கினார்.

ஆறு வருஷத்தையும் இழுக்க நேரம் போதாது என்பது ஞானசெல்விக்குத் தெரிந்தது. எண்பத்தைந்தாம் வருஷத்தை மட்டும் எடுப்பது என்று முடிவு செய்தாள். நோய் தலைவிரித்தாடிய வருஷம் அது. அப்போது தாங்கியதில் இன்றும் பச்சையாக நிற்பது எதுவோ, அதுதான் அசல். கை விசைப்பலகைக்குப் போனது. பின்னால் நின்ற கோட்டைச்சாமி அவள் தோளைத் தொட்டார்.

"மொதல்ல என் கணக்கு வரட்டும் ஆத்தா. சம்பளம், சரக்கு எல்லாம் அதுலதான் கெடக்கு. அது போச்சுன்னா தோட்டமே இல்ல."

"ஐயா, ரெண்டுக்கும் இது தாங்காது. அங்க பிடுங்க ஆரம்பிச்சுட்டாங்க."

"தாங்குற வரைக்கும் தாங்கட்டும். மொதல்ல கணக்கு."

தோட்டம் அவருடையது, பெட்டியும் அவருடையது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கணக்கை இழுத்தாள். திரையில் வரிகள் ஊர்ந்தன. யாரோ எப்போதோ வாங்கிய முன்பணம், லோடு ஏற்றிய கூலி, சாக்கு வாங்கிய செலவு. ஒவ்வொரு வரிக்கும் கீழே சரிவில் ஒரு தூர் விழுவது அவளுக்குக் கேட்டது. அந்த மனிதரை அப்போது அவள் மனதார வெறுத்தாள். கணக்கு முழுசாக வந்து சேர்ந்தபோது பெட்டியின் கிறீச்சு கரகரப்பாக மாறியிருந்தது, சூட்டில் மேலே கை வைக்க முடியவில்லை.

எண்பத்தைந்து வரத் தொடங்கியது. தூர் ஒன்று, நோய். தூர் இரண்டு, நோய். பதினாலில் முதல் முறையாக 'இல்லை' என்று வந்தது. அவள் கண் கலங்கிவிட்டது. இன்னும் சில 'இல்லை'கள் வந்தன. அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. தூர்களுக்கு நம்பர் போட்டவள் அவள்தான். ஓடைக்கரையில் ஒன்று என்று தொடங்கி மேல்நோக்கிப் போட்டாள். சிலமலை ஊரிலிருந்து கூலி வேலைக்கு வரும் பெண்களை ஜீப் இறக்கிவிடுவதும் ஓடைக்கரையில்தான். அவர்களும் ஒன்றிலிருந்துதான் பிடுங்கிக்கொண்டு மேலேறுவார்கள். கம்பி இங்கே கொடுக்கும் நம்பரைக் கடப்பாரை அங்கே எடுத்துக்கொண்டிருந்தது.

மேலிருந்து தொடங்கச் சொல்லுங்கள் என்று அவள் சொன்னபோது கோட்டைச்சாமிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தக் கனத்த உடம்போடு சரிவில் இறங்கினார். அவரைச் சும்மா சொல்லக் கூடாது. மூடுபனி இறங்கியிருந்தது. சன்னல் வழியே பார்த்தால் அவர் தலைப்பாகைகூடத் தெரியவில்லை.

பெட்டி இருநூறைத் தாண்டியது. முந்நூறைத் தாண்டியது. ஞானசெல்வி கர்த்தரைக் கூப்பிட்டாள், பெட்டியைக் கெஞ்சினாள், ஈரத்துணியால் அதன் பக்கவாட்டைத் துடைத்துக் குளிரவைத்தாள். சரிவில் பாதியை எட்டும் நேரத்தில் உள்ளே ஏதோ உரசி, விம்மி, சுற்றுவது நின்றது. திரையில் வரி பாதியில் நின்றது. அவள் இன்னொரு முறை தட்டிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. வந்தவரை அச்சடித்து, அந்தத் தாளை மடியில் செருகிக்கொண்டு ஓடினாள்.

கோட்டைச்சாமி சரிவின் நடுவில் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தார். அவர் வந்து பிடுங்குவதை நிறுத்திய இடத்துக்கு மேலே தூர்கள் நின்றன. கீழே வெறும் குழிகள். மழை வருவதற்குள் முடித்து ஜீப்பைப் பிடிக்க வேண்டும் என்று பெண்கள் கை ஓயாமல் பிடுங்கியிருந்தார்கள். நின்றவை எல்லாம் அவளிடம் நம்பர் வராதவை. நம்பர் வந்தவை எல்லாம் ஓடைக்கரையில் குவியலாகக் கிடந்தன. வேலிக்கு அப்பால் பக்கத்துத் தோட்டக்காரர்கள் குடையோடு காத்திருந்தார்கள்.

ஆனாலும் அவள் விடவில்லை. பிடுங்கிய ஏலம் அன்றே செத்துவிடாது, கிழங்கில் உயிர் இருக்கும். இன்னும் தீ வைக்கவில்லை. தூரில் கட்டியிருக்கும் தகரச் சீட்டைப் பார்த்துப் பொறுக்கினால் போதும். குவியலில் பாய்ந்து ஒரு தூரைப் புரட்டினாள். சீட்டு இல்லை. அடுத்ததிலும் இல்லை. கை கிழிய இன்னும் நாலைந்தைப் புரட்டினாள்.

பெண்களுக்குத் தலைவியான ராமுத்தாய் ஒரு கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"என்ன தேடுற தாயி, சீட்டா? தகரம் தீயில போயிரக் கூடாதுன்னு நீ சொல்லுவியே. ஒண்ணு விடாம கழட்டி வச்சிருக்கேன், பாரு."

கூடை நிறைய நம்பர்கள். பதினாலு மேலேயே கிடந்தது. ஞானசெல்வி அதைக் கையில் எடுத்தாள். ராமுத்தாயிடம் கோபப்பட முடியவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள்.

கோட்டைச்சாமி அவளைத் தனியே கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. மேலே நிற்பதில் பச்சையாக இருப்பதை நீயே பார்த்து ஒரு பத்து நம்பர் சொல், அதுதான் கம்ப்யூட்டரில் வந்தது என்று இவர்களிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார். தன் கணக்கை முதலில் கேட்டது அவரை அரித்துக்கொண்டிருந்தது என்பது தெரிந்தது.

அவள் மேலே பார்த்தாள். பனிக்குள் நூற்றுக்கணக்கான தூர்கள் நின்றன. ஆறு வருஷம் தேடியவற்றில் சில அங்கேயும் இருக்கும். கோடு விழக் காத்திருப்பவையும் அங்கேதான் இருக்கும். தவறாக ஒன்றை விட்டால் வேலிக்கு அப்பால் நிற்கிறவர்களின் தோட்டம் போகும். பத்து நம்பர் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? நாக்கு நுனிவரை வந்தது.

"எனக்குத் தெரியாதுய்யா," என்றாள். "எல்லாத்தையும் எடுத்துரச் சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பெண்களும் அசையவில்லை. ஞானசெல்வி ராமுத்தாயிடமிருந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டு மேலேறினாள். முதலில் எதிர்ப்பட்ட தூரின் அடியில் அதை இறக்கினாள். அந்தத் தூரில் ஒரு கோடுகூட இல்லை.