மாலைத் தீனி

எலிக்கு வாந்தி எடுக்க வராது. தின்றது தின்றதுதான். எங்கள் தொழிலே இந்த ஒரு விஷயத்தில்தான் ஓடியது. மருந்து உள்ளே போய்விட்டால் அப்புறம் அந்தக் கடவுளே வந்தாலும் வெளியே எடுக்க முடியாது.

துறைமுகத்துத் தானியக் கிடங்கில் எலியை ஒழிக்கிற வேலை எனக்கு. ஆயுசு முழுக்க அதுதான். எலிக்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றாது. எனக்கு ஒரு தம்பி. அவன் எழுத்தாளன். நான் எலியைக் கொன்றேன், அவன் எலியை எழுதினான். எனக்கு இருமல் கிடைத்தது, அவனுக்கு விருது கிடைத்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. இருந்தது, தேய்ந்துவிட்டது.

அவன் நாவலில் கதாநாயகன் ஒரு எலி. சும்மா எலி இல்லை, யோசிக்கிற எலி. மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு மனுஷனைப் பற்றிப் பெரிய பெரிய பேச்சு பேசும். வில்லன் ஓர் எலிக்காரன். இடது காலை இழுத்து இழுத்து நடப்பான், கண்ட இடத்தில் துப்புவான், பெற்ற தாயையும் நம்பமாட்டான். என் இடது காலில் மூட்டை விழுந்தது கிடங்கில் எல்லோருக்கும் தெரியும். "அண்ணே, உங்களைப் போட்டுத் தாளிச்சுட்டாரு தம்பி" என்று சுமை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கடைப் பலகையைப் படிப்பதற்குள் கடையை மூடிவிடுவார்கள். அவ்வளவு தடியான புத்தகத்தை யார் படிப்பது? அலமாரியில் வைத்துவிட்டேன்.

போன வருஷம் கண்ணில் ஆபரேஷன் செய்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தேன். பொழுது போகவில்லை. மகள் பள்ளிக்கூடத்து டீச்சர். "சித்தப்பா புத்தகத்தைப் படிச்சுக் காட்டவாப்பா?" என்றாள். சரி, படி என்றேன். வில்லன் துப்பும்போதெல்லாம் அவள் படிப்பதை நிறுத்தி என்னைப் பார்ப்பாள். நான், "நல்லாத்தான் துப்புறான்" என்பேன்.

ஒரு நாள் ஓர் அத்தியாயம் வந்தது. எலிக்காரனின் பெண்டாட்டி. புருஷனுக்குத் தெரியாமல் தினமும் அந்தி நேரத்தில் கிடங்குச் சுவரோரம் போகிறாள். தகர டப்பாவைக் கரண்டியால் தட்டுகிறாள். எலிகள் வருகின்றன. அவிச்ச தானியத்தைப் போடுகிறாள். "வா ராசா, தின்னு" என்கிறாள். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாதவள், எலிகளோடு பேசுகிறாள். கதாநாயக எலி அவள் கையைப் பார்த்து, மனுஷ ஜாதியில் ஒரே ஒரு நல்ல ஜீவன் என்று நினைக்கிறது. அப்புறம் ஒரு நாள் டப்பாச் சத்தம் கேட்கவில்லை. எலிகள் காத்திருக்கின்றன. அவ்வளவுதான், அத்தியாயம் முடிந்தது.

படித்து முடித்தபின்னும் மகள் விரலை அந்தப் பக்கத்திலேயே வைத்திருந்தாள்.

"'வா ராசா, தின்னு'க்கு அப்புறம் என்ன போட்டிருக்கான்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லையே. அதோட அடுத்த வரி."

"'வெள்ளிக்கிழமை இருக்குடா உனக்கு'ன்னு போடலையா?"

"இல்லப்பா. என்ன அது?"

"ஒண்ணுமில்ல. கண்ணு எரியுது, மருந்தை ஊத்து" என்றேன்.

எலி சந்தேகப் பிராணி. என்னைவிட மோசம். புதிதாக ஒன்றை வைத்தால் தொடாது. சுற்றிச் சுற்றி வரும், மோந்து பார்க்கும், போய்விடும். வைத்த அன்றைக்கே மருந்தைக் கலப்பவன் மடையன். முதலில் வெறும் தீனிதான் வைக்க வேண்டும். அதே இடத்தில், அதே நேரத்தில், அதே கையால். ஒரே சத்தம் கொடுக்க வேண்டும். எலி மெதுவாகப் பழகும். பயம் போகும். குடும்பத்தோடு வந்து சாப்பிட ஆரம்பிக்கும். அப்புறம் ஒரு நாள் அதே தீனியில் மருந்து. எங்கள் கிடங்கில் அது வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு வேலை இல்லை, செத்ததைப் பொறுக்கத் தோதாக இருக்கும்.

அந்த வெறும் தீனி போடுகிற வேலையை என் பெண்டாட்டி தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கிடங்குக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் குடியிருந்தோம். குழந்தை தூங்கும்போது எலி வந்து கால் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்ததும் அவள் கத்தவில்லை, அழவில்லை. துணியைக் கிழித்துக் கட்டினாள். மறுநாள் என் கையிலிருந்து டப்பாவைப் பிடுங்கிக்கொண்டாள். "உனக்குப் பொறுமை இல்ல. நான் போடுறேன்" என்றாள். அவள் குரலில் தேன் சொட்டும். "வா ராசா, தின்னு. நல்லாத் தின்னு. வெள்ளிக்கிழமை இருக்குடா உனக்கு." ஒரே மூச்சில் சொல்லுவாள். சுமை தூக்குகிறவர்கள் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

தம்பி அப்போது எங்களோடு இருந்து காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். மூட்டை மேல் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தான்.

மழைக்காலத்தில் கிடங்குத் தரையில் தண்ணீர் நிற்கும். எலி மூத்திரம் கலந்த தண்ணீர். அவள் குதிகாலில் வெடிப்பு. ஜுரம் வந்தது, கண் மஞ்சளாச்சு, மூத்திரம் நின்றது. எலிக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒரு வாரம் தாங்கவில்லை. மகள் அப்போது நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

அவளைக் கொன்றதும் எலிதான், கதையில் அவளுக்காகக் காத்திருப்பதும் எலிதான். எப்படி இருக்கிறது?

கண்ணாடியைக் கழற்றலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே தம்பி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் அவன் பெண்டாட்டி. "வாங்க மாமா" என்றவள், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. ஸ்டோர் ரூம்ல எலி. அவரோட புத்தகக் கட்டை எல்லாம் கடிச்சுப் போட்டுடுச்சு. மருந்து வைக்கணும் மாமா. வெளி ஆளைக் கூப்பிட்டா மானம் போயிடும். எலியைப் பத்தி எழுதினவர் வீட்டுல எலி மருந்தான்னு கேப்பாங்க."

"எந்தப் புத்தகத்தைக் கடிச்சுது?"

"அதைத்தான்."

"ருசி தெரிஞ்ச எலி" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

தம்பி மேஜையில் இருந்தான். உட்காரச் சொன்னான். நான் நின்றுகொண்டே கேட்டேன்.

"உங்க அண்ணி எலிக்குச் சோறு போட்டாளாடா?"

அவன் பேனாவை மூடினான். "படிச்சுட்டீங்களா?"

"படிக்கச் சொல்லிக் கேட்டேன். போட்டாளா?"

"போட்டாங்கதானே அண்ணே."

"எதுக்குப் போட்டா?"

தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்லுவான் என்றுதான் எதிர்பார்த்தேன். பட்டணத்துப் படிப்பு, தொழில் தெரியாது, பார்த்ததைத் தப்பாகப் புரிந்துகொண்டான் என்று மன்னித்துவிடத் தயாராகத்தான் போயிருந்தேன். அவன் என்னை நேராகப் பார்த்தான்.

"தெரியும்ணே. வெள்ளிக்கிழமையும் தெரியும். நான்தானே உங்களுக்கு மருந்து டப்பாவைத் தூக்கிட்டு வருவேன்."

"அப்போ ஏன்டா?"

"முழுசா எழுதினா அவங்களும் இன்னொரு எலிக்காரிண்ணே. படிக்கிறவன் அடுத்த பக்கத்துல மறந்துடுவான். இப்போ அண்ணியை நினைச்சு எங்கெங்கேயோ இருக்கிறவன்லாம் அழறான்."

"அழறது அவளுக்காக இல்லடா. நீ பெத்துப் போட்ட எவளோ ஒருத்திக்காக."

"சரி, அப்படியே வெச்சுக்குங்க."

"புதுசா அச்சுப் போடுறாங்களாமே. அதுல மாத்து. மூணு வார்த்தைதான். சேர்த்துடு."

அவன் பேனாவை மேஜையில் வைத்தான். பிறகு, "பாராட்டு விழா வெச்சிருக்காங்க. உங்களை மேடைக்குக் கூப்பிடுறேன். மைக்கைப் பிடிச்சு நீங்களே சொல்லுங்க. நான் தடுக்கமாட்டேன். எல்லார் முன்னாலயும் சொல்லிட்டீங்கன்னா மாத்திடுறேன்" என்றான்.

இதில் என்ன சூது என்று அப்போது பிடிபடவில்லை. சூது இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. மறுநாளிலிருந்து சட்டை வந்தது, செருப்பு வந்தது, விழாவுக்குக் கார் அனுப்புகிறேன் என்று போன் வந்தது. வெறும் தீனி எப்படி இருக்கும் என்று எனக்கா தெரியாது? தெரிந்தும் சட்டையைப் போட்டு அளவு பார்த்தேன்.

மகளிடம் முதலில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கூட்டத்தில் அவள் திடுக்கிடக் கூடாது அல்லவா. அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். தீனி, மருந்து, வெள்ளிக்கிழமை, ஜுரம்.

"உன் கால் கட்டைவிரல்ல தழும்பு இருக்கே, அது கதவுல நசுங்கினது இல்ல. எலி கடிச்சது. அதுக்காகத்தான் உங்கம்மா தினமும் போய்த் தட்டினா. உனக்காக" என்றேன்.

அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அம்மா எனக்காகவா என்று கேட்பாள், கட்டிக்கொண்டு அழுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு, "சித்தப்பாகிட்ட சண்டை போட்டீங்களா?" என்றாள்.

"சண்டை இல்ல. மேடையில சொல்லப் போறேன்."

"அந்த அத்தியாயம் இப்போ எட்டாம் வகுப்புல பாடம். வருஷா வருஷம் நான்தான் நடத்துறேன். 'டீச்சரோட அம்மா, டீச்சரோட அம்மா'ன்னு பசங்க வந்து தொட்டுப் பார்க்குதுங்க. எனக்கு அவங்க முகமே ஞாபகம் இல்லப்பா. ஒரு போட்டோ கிடையாது. நீங்களும் இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை அவங்களைப் பத்திப் பேசினது இல்ல. எனக்கு இருக்கிறது சித்தப்பா குடுத்த அம்மாதான். அவளையும் மருந்து வெச்சுக் கொன்னுடாதீங்க."

"இப்போதானே சொன்னேன். நிஜமான அம்மாவை."

"இப்போ எனக்கு வேண்டாம்பா. ரொம்ப லேட்."

மறுபடியும் தாளைத் திருத்த ஆரம்பித்துவிட்டாள். யாருக்கோ சுழித்து மார்க் போட்டாள்.

விழாவில் முதலில் ஒரு விஞ்ஞானி பேசினார். எலியைப் பற்றி ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி புத்தகம் போடுகிறவராம். எலிக்குக் கிச்சுகிச்சு மூட்டினால் சிரிக்கும், நம் காதுக்குத்தான் கேட்காது என்றார். கூண்டில் மாட்டின எலியை இன்னொரு எலி கதவைத் திறந்து விடுவிக்கும், தின்பதற்கு வைத்ததில் அதற்கும் பங்கு விடும் என்றார். சபை உச்சுக் கொட்டியது. புது உணவை எலி லேசில் நம்பாது, கொஞ்சமாகக் கடித்துவிட்டுக் காத்திருக்கும் என்றார். எலிக்கு வாந்தி வராது என்பதையும் சொன்னார். எல்லாம் சரிதான், ஒன்றும் பொய் இல்லை. நம்பாத பிராணியை எப்படி நம்ப வைப்பது என்று சபையில் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். காலை இழுத்துக்கொண்டு ஏறினேன். சபையில் ஒரு சலசலப்பு. வில்லன் நேரில் வந்துவிட்டான் அல்லவா. சிரித்துக்கொண்டே கை தட்டினார்கள். நிகழ்ச்சி நடத்துகிற பெண் மைக்கை நீட்டினாள்.

"ஐயா, எல்லாரும் கேக்கணும்னு காத்திருக்கிற கேள்வி. நாவல்ல வர்ற மாதிரி உங்க மனைவி உண்மையிலேயே எலிகளுக்குச் சாப்பாடு போட்டாங்களா?"

முன் வரிசையில் மகள் இருந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலைச் செருப்புக்குள் ஒடுக்கிக்கொண்டு, தண்டனைக்கு நிற்கிற பிள்ளை மாதிரி இருந்தாள். தம்பி ஏன் தைரியமாக மைக்கைக் கொடுத்தான் என்பது அப்போதுதான் பிடிபட்டது. அவளை எங்கே உட்கார வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"ஆமா. போட்டா" என்றேன். "தினமும் போட்டா. டப்பாவைத் தட்டி, 'வா ராசா, தின்னு'ம்பா."

அந்தப் பெண் மைக்கை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

கைதட்டல் நிற்கவே இல்லை. தம்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். அவன் பெரிசாக மூச்சு விட்டது என் காதில் கேட்டது. கீழே இறங்கியதும் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயசில் கூட அப்படிப் பிடித்தது இல்லை. அந்தப் பிடிப்புக்காக நான் என் பெண்டாட்டியை விற்றேன். வாங்கினவளும் சந்தோஷமாக இருந்தாள்.

அடுத்த வாரம் தம்பி பெண்டாட்டி போன் போட்டாள். "மாமா, மருந்து எப்போ வைக்க வர்றீங்க? புதுக் கட்டு எல்லாம் வந்து இறங்கியிருக்கு."

போனேன். புது அச்சுப் புத்தகக் கட்டுகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. பிரித்துப் பார்க்கவில்லை. மூன்று வார்த்தை சேர்ந்திருக்காது என்று தெரியும். மேடையில் நான்தான் அதைச் சொல்லவே இல்லையே. அவிச்ச தானியத்தில் எண்ணெய் கலந்து மூலையில் வைத்தேன். கீழே உட்கார்ந்து டப்பாவைக் கரண்டியால் தட்டினேன்.

"வா ராசா, தின்னு" என்றேன். "நல்லாத் தின்னு. வெள்ளிக்கிழமை இருக்குடா உனக்கு."

இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவள் சொன்னது முழுசாக வெளியே வந்தது, எலி காதில்.

வாசலில் நிழல் தட்டியது. தம்பி பெண்டாட்டி எட்டிப் பார்த்தாள். "மருந்து இன்னைக்கே வெச்சுட்டீங்களா மாமா?"

"இல்ல. இன்னைக்கு வெறும் தீனி. முதல்ல நம்பணும்."

"ஐயோ, அதுவரைக்கும் புத்தகத்தைக் கடிக்குமே!"

"கடிக்கட்டும்" என்றேன்.