பதினாலாம் நம்பர் பொட்டலம்

கொண்டைக்கடலையையும் பாசிப்பயறையும் ஒரே தட்டில் கலந்து கொட்டி, வலது கையால் மட்டும் தனித்தனியாகப் பொறுக்கி வைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற அம்மா சொல்லி அனுப்பியது அது. கடலையாவது விரலில் நிற்கும். பாசிப்பயறு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வருகிற மாதிரி வந்து நழுவி ஓடிவிடும். பதினோராம் நாள் காலையில் தட்டை எடுத்து, அதுவும் இடது கையால்தான், சுவரில் அடித்தேன். இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டிய கை ஐயா இது. ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் எதிரே வருகிற லாரிக்காரன் தூங்கினாலும் நான் தூங்காமல் ஓட்டியவன். எனக்குப் பயறு பொறுக்குகிற வேலையா?

எஸ்தர் வந்து பார்த்தாள். துடைப்பத்தால் எல்லாவற்றையும் கூட்டி, முறத்தில் புடைத்து, மறுபடி டப்பாவில் போட்டாள். சத்துணவுக் கூடத்தில் இருநூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுகிறவள். ஒரு பயறு வீணானாலும் பொறுக்க மாட்டாள். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து தூசி படிந்த ஒரு அட்டைப்பெட்டியை இறக்கி என் முன்னால் வைத்தாள்.

"பயறு வேணாம்னா இதச் செய். சும்மா மட்டும் குந்திக்கினு இருக்காத."

அந்தப் பெட்டிக்கு ஒரு கதை உண்டு. எஸ்தரின் தம்பி கமல் சரக்குக் கப்பலில் சமையல்காரன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், 2001 கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அதைக் கொண்டுவந்தான். பெட்டியின் மேலே பாய் விரித்து, பீரங்கி நீட்டி, மூன்று பாய்மரத்தோடு ஒரு பழங்காலப் போர்க்கப்பல் படம். இத்தாலியில் ஏதோ துறைமுகத்தில் ஆசைப்பட்டு வாங்கினானாம். டி.வி. மேல் வைக்கலாம் என்று எஸ்தர் பூப்போட்ட துணியெல்லாம் விரித்து இடம் பண்ணிவிட்டாள். பிரித்தால் உள்ளே குச்சி. மெலிசுக் குச்சி, தட்டைக் குச்சி, உருண்டைக் குச்சி, நம்பர் ஒட்டிய சின்னச் சின்னப் பொட்டலங்கள், ஒரு இங்கிலீஷ் புத்தகம். நாமேதான் செய்துகொள்ள வேண்டுமாம். "மாமனுக்குக் கப்பல் வாங்கினு வரச் சொன்னா வெறகு வாங்கினு வந்துகிறாம்பா" என்று நான் சொல்ல, செவிலிமேட்டில் எங்கள் தெருவே சிரித்தது. பாவம், கமலுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. பெட்டி பரணுக்குப் போனது.

எனக்குக் கை விழுந்தது டீக்கடையில். பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு டீ வாங்கினேன். கிளாஸ் தானாக நழுவி உடைந்தது. குனிந்து எடுக்கலாம் என்று பார்த்தால் கை என் பேச்சைக் கேட்கவில்லை. வலது பக்கம் முழுக்க வாதம் அடித்திருந்தது. அறுபது ஜனத்தை ஏற்றிக்கொண்டு ரோட்டில் போகும்போது வரவில்லை, அதைச் சொல்லுங்கள். அதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று எங்கள் வீட்டில் ஒரு சண்டையே நடந்தது. நான் செல்லியம்மன் என்றேன், அவள் இயேசு என்றாள். சரி, இரண்டு பேருக்கும் சொல்லிவிடுவோம் என்று முடித்துக்கொண்டோம்.

கால் ஒரு மாதத்தில் தேறிவிட்டது. கைதான் பாக்கி. ஆறு மாதம் லீவு கொடுத்திருந்தார்கள். முடிந்ததும் மெடிக்கல் போர்டு. கை திரும்பியிருந்தால் மறுபடி ஸ்டியரிங். இல்லையென்றால் டிப்போ கேட்டில் நாற்காலி போட்டு, உள்ளே வருகிற வண்டி நம்பரை எழுதிக்கொண்டு உட்காரணும். எழுதவும் வலது கைதானே வேண்டும்! என் சட்டைப் பித்தானைக்கூட அப்போது எஸ்தர்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள்.

சரி, கப்பலுக்கு வருகிறேன். புத்தகத்தைப் படிப்பது எஸ்தரின் வேலை. அவள் பத்தாவது பாஸ், போதாததற்குப் பக்கத்தில் ஒரு டிக்ஷனரி. ஸ்கூலுக்குப் போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு படியையும் தமிழில் நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போவாள். நான் நாளெல்லாம் அதைப் பார்த்துச் செய்வேன். முதலில் நடுமுதுகு மாதிரி ஒரு கட்டை, அதில் விலா எலும்பு மாதிரி வரிசையாகப் பலகைகள். பார்த்ததும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. இது பஸ் பாடி கட்டுகிற கணக்குதான், கீழே சேஸிஸ், மேலே சட்டம், அதன்மேல் தகடு. தட்டைக் குச்சிகளை வெந்நீரில் ஊறவைத்து, வளைத்து, ஒட்டி, காய்கிற வரைக்கும் துணி காயப்போடுகிற கிளிப்பை மாட்டிவைப்பேன். வீட்டில் கிளிப் எல்லாம் கப்பலுக்குப் போய்விட, ஒரு மாதம் எங்கள் துணி காற்றில் பறந்து பக்கத்து மாடியில் கிடந்தது.

ஐந்தாம் நம்பர் பொட்டலத்தில் ஒரு ஸ்டியரிங் இருந்தது. எட்டணா அளவு, பித்தளை. அதைப் பார்த்த சந்தோஷத்தில் மேல்தளம் போடுவதற்கு முன்பே எடுத்து ஒட்டிவிட்டேன். டிரைவர் புத்தி, வேறென்ன? எஸ்தர் வந்து பார்த்துவிட்டு, "தரையே போடல, அதுக்குள்ள இவுரு சீட்ல ஏறி குந்திக்கினாரு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பெயர்த்தெடுக்க இரண்டு நாள் ஆனது.

கப்பல்காரர்கள் பேர் வைக்கிற லட்சணம் இருக்கிறதே! டிக்ஷனரியை நம்பி அவள் எழுதிவைத்ததைப் படித்தால் பூனைத்தலை என்கிறது, காக்காய்க் கூடு என்கிறது, எலிக் கயிறு என்கிறது. "எஸ்தரு, இது கப்பலா இல்ல மிருகக்காட்சி சாலையா?" என்று கேட்டுச் சிரிப்பேன். அவளும் சிரிப்பாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே நான் விடியும்போதே எழுந்துவிடுவேன்.

நாற்பத்தோராம் படி வந்த அன்று அவள் சிரிக்கவில்லை. பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டுகிற கயிறுகள். படத்தில் தெளிவாக இருந்தது. டிக்ஷனரியைப் புரட்டினாள், எழுதினாள், பேனாவை மூடினாள். "அது அப்பறம் பாத்துக்கலாம்யா" என்று எழுந்து போய்விட்டாள். ஏதோ தலைவலி என்று நினைத்தேன். மறுநாள் அந்தப் படிக்கு உரிய பதினாலாம் நம்பர் பொட்டலத்தைத் தேடினால் காணோம். பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினேன், கட்டிலுக்கடியில் தேடினேன். நூலும் இல்லை, மூன்று ஓட்டை வைத்த உருண்டை மரத்துண்டுகளும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கமல் போன் பண்ணியபோது பிடித்துக்கொண்டேன். "கடைக்காரன் ஏமாத்திக்கிறான்பா உன்னை. பொட்டலம் ஒண்ணு கொறையுது. பாத்து வாங்கறது இல்ல?" அவன் அங்கே எந்தக் கடலிலோ நின்றுகொண்டு, "மன்னிச்சிக்க மாமா" என்றான். எஸ்தர் பக்கத்திலேயே நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தம்பிக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுவே ஆச்சரியம்.

வேலை நின்றது. கயிறில்லாமல் மூன்று கம்பத்தோடு கப்பல் மொட்டையாக நின்றது. நானும் படுத்துவிட்டேன். பயறும் பொறுக்கவில்லை, ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குக் கொடுத்த பந்தையும் அமுக்கவில்லை. கொஞ்சம் திரும்பியிருந்த விரல்கள் மறுபடி மரக்கட்டையாக ஆரம்பித்தன. போர்டுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. பட்ட காலிலேயே படும் என்று சும்மாவா சொன்னார்கள்? எஸ்தர் என் முகத்தைப் பார்ப்பாள், கப்பலைப் பார்ப்பாள், ஏதோ சொல்ல வந்து வாயை மூடிக்கொள்வாள்.

பத்து நாள் கழித்து அவள் பின்வீட்டு கங்கையம்மாளை அழைத்து வந்தாள். தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம். அவர்கள் தறிச் சத்தம்தான் எங்கள் வீட்டுக் கடிகாரம். அந்த அம்மா கையில் ஒரு கற்றை அரக்குப் பட்டு இழை. "ஏமண்ணா, இதுக்கா படுத்துக்கினே?" என்று கேட்டுக்கொண்டே பெட்டியின் படத்தை எடுத்துப் பார்த்தாள். விரலை வைத்து மேலிருந்து கீழாக ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

"நெட்டுக்கு நிக்கறது பாவு. குறுக்கால போறது ஊடை. இது தெரிய இங்கிலீஷ் புஸ்தகம் இன்னாத்துக்கு?"

"பாவா?" என்றாள் எஸ்தர்.

"பாவுதான். முகூர்த்தப் பொடவைக்குப் போட்டதுல மிஞ்சின இழை இது. நல்ல இழை, கண்ணாலப் பொண்ணு கட்டிக்கினு போனது."

எஸ்தர் அந்த இழையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, காணாமல் போனது கிடைத்தவள் மாதிரி முகம் மலர்ந்து, ஓடிப்போய் நோட்டை எடுத்து நாற்பத்தொன்று என்று போட்டு, பக்கத்தில் 'பாவு' என்று பெரிதாக எழுதினாள். எழுதிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். பாவு என்கிற வார்த்தையில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

உருண்டைத் துண்டுக்குப் பதிலாக அவள் கொண்டுவந்தது சட்டைப் பித்தான்கள். காக்கிப் பித்தான்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. "என் டூட்டி சட்டையவா அறுத்தே? அப்போ நான் இனிமே வண்டி எடுக்க மாட்டேன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"

"கத்தாதய்யா. கிழிஞ்ச சட்டை மூணுலருந்து எடுத்தது. நல்லது ரெண்டும் தேச்சி பொட்டில வெச்சிருக்கேன்" என்றாள். "போட்டுக்கற அன்னிக்கி நீயே பித்தான் போட்டுக்கணும்."

கங்கையம்மாள் முடிச்சு சொல்லிக்கொடுத்தாள். இழை வழுக்காமலிருக்க விரல் நுனியில் கொஞ்சம் சாம்பல் தொட்டுக்கொள்ளணும். கீழே ஒரு சுற்று, மேலே ஒரு சுற்று, நடுவில் விட்டு இழு. அவள் கையில் கண் இமைக்கிற நேரம். எனக்கு முதல் முடிச்சுக்கு ஒரு முழு காலை வேளை போனது. மொத்தம் ஐந்நூறு முடிச்சு. இழை அறுந்தால் அவளிடம் போய் நிற்பேன். தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, "அறுந்தா அறுந்துட்டுப் போவுது, பிணைச்சிக்கலாம்ணா" என்று சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போவாள். ஒரு நாளும் அவள் முகம் சுளித்ததில்லை. முதல் வாரம் ஒரு நாளைக்கு நாலு முடிச்சு, பிறகு பத்து, பிறகு இருபது. ஒரு நாள் டீ கிளாஸை வலது கையில் வாங்கிக் குடித்து முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. எஸ்தர் பார்த்துவிட்டாள், ஆனால் கண் பட்டுவிடும் என்பதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கமலுக்கு நானே போன் போட்டு, "நீ வாங்கினு வந்தது வெறகு இல்லடா, என் கை" என்று சொன்னேன். 

போர்டுக்குப் போகிற அன்று காலை எஸ்தர் அடுப்படியில் புளிசாதம் கட்டிக்கொண்டிருந்தாள். சட்டையை நானே எடுத்துக்கொள்ளலாம் என்று டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மேலே அவள் சர்ச்சுக்குக் கட்டுகிற வெள்ளைப் புடவை, அதன் கீழே தேய்த்து மடித்த காக்கி. சட்டையைத் தூக்கினேன். மடிப்புக்குள்ளிருந்து ஒரு பொட்டலம் விழுந்தது. ஒட்டிய ஒட்டு பிரியாமல், நம்பர் பதினாலு. அதைச் சுற்றி நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள், எஸ்தரின் கையெழுத்து.

'ஷ்ரௌட்: பிணத்தைப் போர்த்தும் துணி. டெட் ஐ: செத்த கண்.' அதற்குக் கீழே, பேனா அழுத்தித் தாள் கிழிகிற மாதிரி, 'ஆண்டவரே, இந்த வீட்டுக்கு இது வேண்டாம்.'

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. யார் இது? ஆயுத பூஜைக்கு நான் பஸ்ஸில் எலுமிச்சம்பழம் கட்டினால், "பிரேக்க பாருய்யா, பழத்துக்கு இன்னா தெரியும்" என்கிறவள். பூனை குறுக்கே போனால் பூனைக்கு வேலை இருக்குது, உனக்கு இன்னா என்கிறவள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குச் சகுனம் பார்க்காதே என்று பாடம் நடத்துகிறவள். அவள்தான் அந்தக் கயிற்றுக்கும் உருண்டைத் துண்டுக்கும் கப்பல்காரர்கள் வைத்த இரண்டு இங்கிலீஷ் பேருக்குப் பயந்து, சொந்தத் தம்பி திட்டு வாங்குவதைக் கேட்டுக்கொண்டு வெங்காயம் உரித்திருக்கிறாள். தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. தம்பி ஆசையாக வாங்கியது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படி படியாகப் படித்துச் சொல்லிக்கொண்டே, கோடித்துணியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அது கல்யாணப் புடவைப் பாவாக மாறிய அன்றுதான் அப்படிச் சிரித்திருக்கிறாள். சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. டிரங்குப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். எனக்கு வாய்த்தவள் இவள் என்பதற்கு எத்தனை சாமியிடம் நன்றி சொன்னாலும் போதாது.

தாளைப் பழையபடி சுற்றி, பொட்டலத்தை இன்னொரு காக்கிச் சட்டையின் மடிப்பில் வைத்து மூடினேன்.

சட்டையைப் போட்டுக்கொண்டேன். கீழிருந்து ஒவ்வொன்றாக, வலது கையாலேயே பித்தான் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. விரல் கேட்ட இடத்துக்குப் போனது. கழுத்துக்குக் கீழே இருக்கிற கடைசிப் பித்தானில் கையை வைத்தேன், எடுத்துவிட்டேன்.

எஸ்தர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். திறந்திருந்த பித்தானைப் பார்த்ததும் அவள் முகத்தில் ரத்தம் வற்றியது.

"இன்னாய்யா, வரலியா?"

"வரும். நீ போடு."

அவள் கண் ஒவ்வொரு பித்தானாக மேலிருந்து கீழே இறங்கி, மறுபடி என் முகத்துக்கு ஏறியது. கிட்டே வந்தாள். கையில் புளியும் பெருங்காயமும் மணத்தது. அவள் தோளுக்குப் பின்னால் டி.வி. மேல் கப்பல், ஃபேன் காற்றில் அரக்குப் பாவு லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. தெருமுனையில் டவுன் பஸ் ஹாரன் அடித்தது.

"நேரமாவுது" என்றாள். பித்தான் போட்டு முடித்த கையை மட்டும் எடுக்கவில்லை.