பல் திருடன்

வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே முகாஷின் காதில் விழுந்தது. பனி மூடிய தெருவில் லேசாக முனகிக்கொண்டு வந்தது. பட்டறை வாசலின் காய்ந்த காரைத் தரையில் ஏறியதும் அலறியது. கர்ர்... கர்ர்... கடக்!

எட்டிப் பார்த்தான். சாம்பல் நிற பிக்கப். அத்-பாஷி மலையூரில் அந்த வண்டியைத் தெரியாதவர் கிடையாது. ஷர்ஷெனின் வண்டி.

ஆனால் இறங்கியது ஷர்ஷென் இல்லை. குலிபா. நானூறு ஆடுகளுக்குச் சொந்தக்காரி. ஆட்டையும் ஆளையும் ஒரே குரலில் அதட்டுகிறவள். இறங்கும்போதே வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

"தப்பா நெனைக்காதே. உன் பட்டறையில வாயைத் திறந்தா பல்லு போயிடும்னு ஊருல பேச்சு."

"உன் வாயிலேர்ந்து பல்லெடுக்க நாலு ஆம்பளை வேணும். வண்டிக்கு என்ன?"

"அதுக்கும் வாயிலதான் கோளாறு. கோடையில ஷாகேகிட்ட வாங்கினேன். ரெண்டு சக்கரத்துல ஓட்டினா பூனை மாதிரி போகுது. மலையில பனி விழுந்துச்சு, நாலு சக்கரமும் இழுக்கட்டும்னு கம்பியைப் போட்டேன். அன்னிலேர்ந்து இந்த அரைப்புதான். ஒஸ்மோன்கிட்ட போனேன். பேரிங்குன்னான், மாத்தினேன். ஜாயின்ட்டுன்னான், மாத்தினேன். இன்னொரு தடவை போனா என்னையே மாத்தச் சொல்லுவான். போக வேற இடமில்ல, உன்கிட்ட வந்தேன்."

போக வேற இடம் இல்லாதவர்கள்தான் பன்னிரண்டு வருஷமாக முகாஷிடம் வந்துகொண்டிருந்தார்கள்.

அதற்கு முன் கதை வேறு. அப்போது அவன் 'முகே'. பெயரின் தலையை மட்டும் வைத்துக்கொண்டு 'கே' ஒட்டினால் அந்த ஊரில் மரியாதை. மேய்ச்சல் சங்கத்துத் தலைவர் ஷர்ஷென், 'ஷாகே'. சங்கத்துக்கும் இதே ஜாதி பிக்கப் ஒன்று இருந்தது. அதன் முன் அச்சுக்குப் புதுப் பல்சக்கரம் வரவழைத்தார்கள். முகாஷ்தான் மாட்டினான். இரண்டு மாதத்தில் வண்டி கணவாயில் நொறுங்கி நின்றது. திறந்து பார்த்தால் உள்ளே தேய்ந்துபோன பழைய சக்கரம்.

"புதுசை உருவி வித்துட்டு, ஓட்டைப் பல்லை மாட்டியிருக்கான்" என்றார் ஷர்ஷென்.

ஞாயிற்றுக்கிழமை கால்நடைச் சந்தையில், ஊர் முன்னிலையில், இரண்டு பேரும் ரொட்டியில் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள். "பொய் சொன்னா ரொட்டி அடிக்கட்டும்." இரண்டு பேரும் சொன்னது இதைத்தான். யாரோ ஒருவர் பொய். அறுபது குதிரை வைத்திருக்கிறவர் ஒரு பல்சக்கரத்துக்காகப் பொய் சொல்வாரா என்று ஊர் யோசித்தது. அத்துடன் தீர்ப்பும் ஆகிவிட்டது.

"நான் மாட்டுற ஒவ்வொரு போல்ட் தலையிலயும் என் குறி இருக்கும். இந்தச் சக்கரத்துல அது இல்லையே!" என்று முகாஷ் கத்தினான். முக்கோணமாக மூன்று புள்ளி. அவன் அப்பாவின் குதிரைகளுக்குத் தொடையில் போட்ட சூட்டுக்குறி அது.

"நீதான் கழட்டிட்டியே, எப்படி இருக்கும்?" என்றார் ஷர்ஷென். சந்தையே சிரித்தது.

மறுநாளிலிருந்து முகாஷ், 'பல் திருடன்'.

அன்று சத்தியம் பண்ணின ரொட்டியைத் தின்ன யாருக்கும் மனசு வரவில்லை. ரொட்டியைக் கீழே போடவும் கூடாது. முகாஷ் அதைத் துணியில் சுற்றி எடுத்துவந்து பட்டறைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டினான். காய்ந்து காய்ந்து கல்லாகிவிட்டது. தினமும் காலையில் கதவைத் திறந்ததும் அதை விரலால் ஒரு தட்டு தட்டுவான். டொக். 'இன்னும் இருக்கியா? நானும் இருக்கேன்.'

'முகே' என்ற அந்த ஒரு சொல்லை ஷர்ஷெனின் வாயிலிருந்தே பிடுங்க வேண்டும். இத்தனை வருஷத்தில் அவனுக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

"சாவியைக் கொடு" என்றான் குலிபாவிடம்.

அவளைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்து ஓட்டினான். தார்ச் சாலையில் இரண்டு சக்கர இழுவை: சத்தமே இல்லை. ஸ்டியரிங்கை இந்தக் கோடி வரை ஒடித்தான், அந்தக் கோடி வரை ஒடித்தான். இல்லை. பனிக்குள் இறக்கி நாலு சக்கரமும் போட்டான்: முனகல். மறுபடி தாரில் ஏற்றினான்: வண்டி மூக்கணாங்கயிறு கட்டின மாடு மாதிரி திமிறி அலறியது. இரண்டுக்கு மாற்றலாம் என்று கம்பியை இழுத்தான். அசையவில்லை. கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தியதும் தானாகக் கழன்றது.

"பேரிங் இல்ல. பேரிங் கெட்டிருந்தா ரெண்டு சக்கரத்துல போகும்போதும் கத்தும்" என்றான். "முன்காலும் பின்காலும் சண்டை போடுது."

"குதிரைக்கு அப்படி வந்தா வெட்டித் தின்னுடுவோம்" என்றாள் குலிபா.

பட்டறைக்குத் திரும்பி முதலில் டயர்களை அளந்தான். நாலும் ஒரே அளவு. பிறகு பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினான். ஒரு சக்கரத்தைக் கயிற்றால் கட்டிவிட்டு, மற்றதிலும் நடுத் தண்டிலும் சுண்ணாம்புக் கோடு போட்டான். "நான் சக்கரத்தைச் சுத்தறேன். தண்டு எத்தனை தடவை சுத்துதுன்னு எண்ணு."

சக்கரத்துக்கு இருபது சுற்று. தண்டுக்கு முப்பத்தொன்பது.

முன்பக்கத்தைத் தூக்கினான். அதே இருபது சுற்று.

"நாப்பத்தொண்ணு" என்றாள் குலிபா.

"ஆடு எண்ற மாதிரி எண்ணாதே. சரியா எண்ணு."

"ஆட்டை எண்றதுல நான் தப்பு பண்ணினதா சரித்திரமே இல்ல. நாப்பத்தொண்ணு!"

முகாஷ் சக்கரத்தின் மேல் கை வைத்தபடி நின்றான். முன்னும் பின்னும் ஒரே எண்ணிக்கை வர வேண்டும்.

ஷர்ஷெனின் வண்டி முப்பத்தொன்பது. சங்கத்து வண்டி நாற்பத்தொன்று. வேறு வருஷத்து வண்டிகள். அச்சின் கூடு ஒரே மாதிரி, பல் கணக்கு வேறு. அன்று அவன் சங்கத்து வண்டியில் மாட்டின புதுச் சக்கரத்தின் கணக்கு நாற்பத்தொன்று. அதைப் போல்ட்டோடு அப்படியே உருவித் தன் வண்டியில் போட்டுக்கொண்டு, தன்னுடைய தேய்ந்த சக்கரத்தைச் சங்கத்து வண்டிக்குத் தள்ளிவிட்டிருக்கிறார் ஷர்ஷென். பட்டணத்து மெக்கானிக் எவனையோ வைத்துச் செய்திருக்க வேண்டும். இரண்டு வண்டியிலும் முன்காலும் பின்காலும் பொருந்தவில்லை. ஒன்று கணவாயில் நொறுங்கியது. இன்னொன்று?

"நல்ல டிரைவருக்கு ரெண்டு சக்கரம் போதும். நாலு போடறவன் பயந்தாங்கொள்ளி." பன்னிரண்டு குளிர்காலமாக ஷர்ஷென் மீசையை முறுக்கிச் சொல்லிவந்த வசனம். பனி விழுந்தால் வண்டியைக் கொட்டகையில் பூட்டிவிட்டுக் குதிரையில் போவார். என்ன வீரம் என்று ஊர் மெச்சியது.

முகாஷ் சிரித்தான். சிரிப்பு நிற்கவில்லை.

"என்னய்யா, பைத்தியம் புடிச்சுடுச்சா?"

அவளிடம் சொன்னான். குலிபாவின் முகம் சிவந்தது. "திற அதை! இப்பவே திற! உள்ளே உன் குறி இருக்கும்ல?"

"இருக்கும். ஆனா நான் திறந்தா, 'ராத்திரியோட ராத்திரியா நீயே குத்திட்ட'ம்பாரு. என் கை அந்தப் பக்கமே போகக்கூடாது." சுவரில் தொங்கிய துணி மூட்டையைப் பார்த்தான். "மூணு நாள் பொறுத்துக்க. ஞாயித்துக்கிழமை வண்டியைச் சந்தைக்குக் கொண்டா. ஷர்ஷென்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு. முன் அச்சை யாராவது திறந்தாங்களான்னு. மீதியை அவரே சொல்லுவாரு."

ஞாயிறு காலை. ஆடுகளின் மூச்சும் ஆட்களின் மூச்சும் ஒன்றாகப் புகைந்துகொண்டிருந்தன. குதிரைகள் கட்டியிருந்த பக்கம், நரித்தோல் தொப்பியில் ஷர்ஷென் ஒரு குதிரையின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கும்போது மேல்வரிசையில் ஒரு தங்கப் பல் மின்னும்.

குலிபா வண்டியைக் கூட்டத்துக்கு நடுவே, பனி கூட்டித் தள்ளிய கல்தரையில் ஏற்றி அலறவிட்டாள். கர்ர்... கடக்! குதிரைகள் மிரண்டன. ஆட்கள் திரும்பினார்கள்.

"ஷாகே! நீங்க வித்த குதிரை கனைக்குது, கேட்டீங்களா?"

"பொம்பளை கையில கொடுத்தா வண்டி அழத்தான் செய்யும்" என்றார் ஷர்ஷென். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "நாலு எதுக்குப் போடறே? நல்ல டிரைவருக்கு..."

"ரெண்டு போதும். தெரியும். நான் கேக்கறது வேற. இதோட முன் அச்சை எவனாவது திறந்து கை வெச்சிருக்கானா?"

ஷர்ஷெனின் கண் ஒரு நொடி அலைந்தது. அப்போதுதான் குலிபாவுக்குப் பின்னால் முகாஷ் நிற்பதைப் பார்த்தார்.

"ஓ, பல் திருடன் ஓதினானா? எல்லாரும் வாயை மூடிக்கங்கப்பா!" மறுபடி சிரிப்பு. "கேட்டுக்க குலிபா. கம்பெனியிலேர்ந்து வந்த நாளா அந்த அச்சை ஒருத்தனும் திறந்ததில்ல."

முகாஷ் துணி மூட்டையை இரு கைகளாலும் நீட்டினான். "ரொட்டி மேல சொல்லுங்க."

கூட்டம் நெருங்கி வந்தது. மறுத்தால் தோற்றதாகிவிடும். ஷர்ஷென் அதை யோசிக்கக்கூட இல்லை. ஒருமுறை பொய்ச் சத்தியம் பண்ணி ஒன்றும் ஆகாதவருக்கு இரண்டாவது முறை என்ன பயம்? துணியின் மேல் கையை வைத்தார்.

"என்னடா, கல்லு மாதிரி இருக்கு?"

"குளிருக்கு உறைஞ்சிருக்கும்."

"இந்த வண்டியோட முன் அச்சை எவனும் திறந்ததில்ல. பொய்யா இருந்தா ரொட்டி அடிக்கட்டும்!"

"ஒஸ்மோன்" என்று கூப்பிட்டாள் குலிபா. ஷர்ஷெனின் வண்டிகளைப் பார்க்கிற மெக்கானிக் அவன். டீக்கடைப் பக்கம் நின்றிருந்தான். "கீழே போய் முன் அச்சு மூடியைத் திற."

"சத்தியம் பண்ணியாச்சே! அப்புறம் எதுக்குத் திறக்கணும்?" ஷர்ஷெனின் குரல் ஏறியது.

"உங்க சத்தியத்தை நம்பறேன் ஷாகே. வண்டியைத்தான் நம்பல."

முகாஷ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நாலு அடி தள்ளி நின்றான். "என் கை திருட்டுக் கை. கிட்ட வராது."

ஒஸ்மோன் வண்டிக்கடியில் படுத்தான். "மூடியில பிசின் பாறையா கிடக்கு. பத்து வருஷத்துக்கு மேல எவனும் தொடல" என்று உள்ளேயிருந்து கத்தினான். போல்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கறுப்பு ஆயில் தட்டில் வழிந்தது. துணியால் துடைக்கிற சத்தம் கேட்டது.

"என்னடா இருக்கு?" என்றான் யாரோ.

"போல்ட் தலை ஒவ்வொண்ணுலயும்... மூணு மூணு புள்ளி."

குதிரைத் தரகர் கிழவர் பைஸால் முழங்காலிட்டுத் தலையை உள்ளே நுழைத்தார். பல்சக்கரம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. குறி தெரியும். எழுந்து தாடியில் பட்ட ஆயிலைத் துடைத்தார்.

"இது முகாஷோட அப்பன் குறி" என்றார். "வேற ஒருத்தன் குறி போட்ட குதிரை உன் கொட்டகையில நின்னா, அதுக்கு என்ன பேரு ஷர்ஷென்?"

ஷாகே இல்லை. ஷர்ஷென். எல்லாருக்கும் அது கேட்டது.

"எனக்குத் தெரியாது... எவனோ எனக்குத் தெரியாம..."

"எவனும் திறக்கலன்னு இப்பத்தானே சொன்னே?" என்றாள் குலிபா. "ரொட்டியில வெச்ச கைச்சூடு இன்னும் ஆறலய்யா!"

ஷர்ஷென் குதிரை நின்ற பக்கம் நகர்ந்தார். முகாஷ் குறுக்கே வந்து நின்றான். அவசரமே இல்லாமல் துணியைப் பிரித்தான். உள்ளே வட்ட ரொட்டி, நடுவில் பூப்போல அச்சு, கல் நிறம்.

"பன்னெண்டு வருஷம் முன்னால நீங்க கை வெச்ச அதே ரொட்டி. இன்னிக்கும் இதுலதான் வெச்சீங்க. ரொட்டியை முன்னால வெச்சா ருசி பாக்காம போகக்கூடாது. நம்ம வழக்கம். கடிங்க."

"முகாஷ், விளையாடாதே. உனக்கு என்ன வேணும், சொல்லு."

"கடிங்க."

கூட்டம் வழிவிடவில்லை. யாரும் கை ஓங்கவும் இல்லை. நீட்டின ரொட்டியை மறுத்தவன் என்று பெயரெடுத்தால் அந்தப் பள்ளத்தாக்கில் எவன் வீட்டிலும் டீ கிடைக்காது. ஷர்ஷென் ரொட்டியை வாங்கி ஓரத்தைப் பிய்க்கப் பார்த்தார். வரவில்லை. முழங்காலில் தட்டிப் பார்த்தார். டொக். பைஸால் கிழவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் ஷர்ஷென் வாயில் வைத்துக் கடித்தார்.

கடக்!

வண்டி போட்ட அதே சத்தம். ஷர்ஷென் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார். விரலிடுக்கில் ரத்தம். மஞ்சளாக ஏதோ ஒன்று பனியில் விழுந்து புதைந்தது.

"ரொட்டி அடிச்சிடுச்சு" என்று ஒருவன் முணுமுணுத்தான். யாரும் சிரிக்கவில்லை.

"போதும்" என்றார் ஷர்ஷென், காற்று வெளியேறுகிற வாயால். "போதும்... முகே."

முகாஷ் அந்தச் சொல்லைக் கேட்டான். இனித்தது. ஆனால் போதவில்லை. குனிந்து பனியைக் கிளறினான். தங்கப் பல்லை எடுத்து ஆயில் துணியில் நன்றாகத் துடைத்தான். ஷர்ஷெனின் கையை விரித்து, உள்ளங்கையில் வைத்து, ஒவ்வொரு விரலாக மடக்கினான்.

"இந்தாங்க உங்க பல்லு" என்றான், சந்தைக்கே கேட்கிற குரலில். "எல்லாரும் பாத்துக்கங்க. நான் எடுக்கல."