வீட்டு டிரைவர் விசா

2002ஆம் வருடம் மாசியில் லிங்கராஜ் சார்ஜாவிலிருந்து ஒரு மாத லீவில் கோவில்பட்டிக்கு வந்தான். ஒன்பது நாள் பிச்சை முகம்மது வீட்டுப் பக்கமே போகவில்லை. பத்தாம் நாள் போனான்.

சார்ஜாவில் லிங்கராஜ் ஒரு சலவைக் கடை நடத்தினான். லைசென்ஸ் ஓர் அரபியின் பேரில் இருந்தது. கடைக்கு நாலு ஆள் விசாதான், நாலும் தீர்ந்துவிட்டன. அதனால், இங்கே தீப்பெட்டி ஆபீசில் வேன் ஓட்டிக்கொண்டிருந்த பிச்சையை வேறோர் அரபியின் வீட்டு டிரைவர் விசாவில் வரவழைத்தான். விசா யார் பேரில் இருக்கிறதோ அவரிடம் மட்டுமே வேலை பார்க்க வேண்டும் என்பது சட்டம்.

“எல்லாரும் இப்படித்தாம்ல இருக்காங்க. ஒண்ணும் ஆவாது” என்று சொல்லித்தான் கூட்டிப்போனான். பதினாலு மாதம் பிச்சை அவன் கடையில் இஸ்திரி போட்டான்.

ஒரு மத்தியானம் சோதனைக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். யார் இவன் என்று கேட்டார்கள். பிச்சையை வேலைக்கு வைத்திருப்பது தெரிந்தால் கடைக்கு அபராதம் விழும். லிங்கராஜின் விசாவும் போகலாம். அவன் விசாவை ஒட்டித்தான் மனைவிக்கும் மகளுக்கும் விசா.

“ஊர்க்காரன். தன் சட்டையைத் தேய்த்துக்கொள்ள வந்தான். இங்கே வேலை பார்க்கவில்லை” என்றான்.

பிச்சை அவனை ஒருமுறை பார்த்தான். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, ஸ்விட்சை அணைத்துவிட்டு, அவர்களோடு நடந்தான். விசா கொடுத்த அரபியும், ஆள் ஓடிப்போய்விட்டான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பதினோரு நாள் ஜெயில். பிறகு விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பதினோரு நாளில் லிங்கராஜ் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

கதவைத் திறந்த ஆயிஷா பீவி சிரித்த முகமாக வரவேற்றாள்.

“வாங்க அண்ணாச்சி. நீங்க நல்லா வச்சிருந்ததா இவிய சொல்லிக்கிட்டே இருப்பாவ. அந்த அரபிதான் கைவிட்டுட்டான்.”

பிச்சை சுவரோரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். ஆயிஷா டீ கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “மக அப்சானாவைக் கயத்தாறுல இருந்து வந்து பொண்ணு பாத்துட்டுப் போனாவ. ஜெயில்ல இருந்தவராம்லா, என்னத்தக் களவாண்டாரோன்னு பேசி, வேண்டாம்னு விட்டுட்டாவ. அந்தூருச் சட்டம் உங்களுக்குத் தெரியும். களவு இல்ல, விசாக் கோளாறுதான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவாவ.”

“அண்ணாச்சி எதுக்குட்டி? விடு” என்றான் பிச்சை.

லிங்கராஜ் டம்ளரைக் கீழே வைத்தான். “அரபி மட்டும் இல்லம்மா. அன்னைக்கு எங்கிட்டதான் கேட்டாங்க. இவன் எங்கிட்ட வேலை பாக்கலைன்னு சொல்லிட்டேன்.”

ஆயிஷா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். “ஏழு மாசமா எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லி என்னாவப்போவுது? அவிய பொண்டாட்டி பிள்ளையும் அங்கனதான இருந்தாவ.”

அவள் டம்ளரை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தாள். பிறகு லிங்கராஜிடம், “இத இப்படியே கயத்தாறுல வந்து சொல்வீங்களா?” என்றாள்.

மறுநாள் காலை மூவரும் பஸ்ஸில் போனார்கள். மாப்பிள்ளையின் அப்பா முன்னால் லிங்கராஜ் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் பிச்சையின் கையைப் பிடித்து, “தப்பா நெனச்சிட்டோம். மன்னிச்சிக்கிடுங்க. பையனுக்குப் போன வாரம்தான் வேற இடத்துல முடிச்சோம்” என்றார். லிங்கராஜ் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

திரும்பி வரும்போது பஸ் இடைசெவலைத் தாண்டியது. இருபுறமும் பருத்தி எடுத்து முடிந்த கரிசல். லிங்கராஜ் மெதுவாகச் சொன்னான்: “சார்ஜாவுக்கு இனி உன்ன விடமாட்டாங்க. கத்தார்ல சிநேகிதன் ஒருத்தன் இருக்கான். சேந்து கடை போடுதோம். கடை பேருலயே முறையா விசா எடுத்துத் தாரேன், பிச்சை.”

“வேண்டாம் அண்ணாச்சி.”

“எம்மேல கோவமா?”

“கோவம் இல்ல. ஆனா இனிம உங்ககூட வேலை பாக்க என்னால ஏலாது.”

லீவு முடிவதற்குள் லிங்கராஜ் இன்னும் இரண்டு தடவை பிச்சை வீட்டுத் தெருவரை போனான். கதவைத் தட்டவில்லை.