மேலே இன்னும் எழுதவில்லை

1

இந்தக் கதை என் ஃப்ரீசரிலிருந்து வந்தது. உள்ளுணர்வு, உந்துதல் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் நடந்தது இவ்வளவுதான். எதிர்வீட்டுக் கேக் அக்கா தன் ஃப்ரீசரில் இடமில்லையென்று, க்ரீம் தடவாத இரண்டு வட்டக் கேக்குகளைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கொண்டுவந்து என்னுடையதில் வைத்துவிட்டார். என் ஐஸ் தட்டு வெளியே வந்துவிட்டது. வெதுவெதுப்பான தண்ணீரைக் குடித்துக்கொண்டு எழுதுகிறேன். அங்கங்கே எரிச்சல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேக் அக்கா என்பது கட்டடத்துப் பிள்ளைகள் வைத்த பெயர். பிறந்தநாள், கல்யாண நாள் என்று யார் கேட்டாலும் வீட்டிலேயே கேக் செய்து அலங்கரித்துத் தருகிறவர்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் லிஃப்ட்காரர் அவள் கதவைத் தட்டி—" மழையே இல்லை. விட்டுவிடுகிறேன்.

அடுத்தது: "நோய் என்பது மனிதனை—" இது எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். வேண்டாம்.

நடந்தபடியே சொல்கிறேன். எங்கள் மாடியின் கடைசி வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவர் மனைவி தையல் வேலை செய்பவர். அறுவை சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவர் வீடு திரும்பும் நாளுக்கு ஒரு கேக் வேண்டும், அதைச் சுற்றி அளவெடுக்கும் டேப் இருக்க வேண்டும் என்று லிஃப்ட்காரர் கேட்டார். அக்கா சர்க்கரை மாவில் மஞ்சள் நிறம் சேர்த்துப் பிசைந்து, நீளமாக நறுக்கி, கோடும் எண்ணும் போட்டுக் கேக்கைச் சுற்றிக் கட்டினார். எண் மாறினால் முதலில் கண்டுபிடிப்பது அந்தம்மாதான் என்று லிஃப்ட்காரர் எச்சரித்திருந்தார். மேலே "நல்வரவு" என்று எழுதி முடித்துக் கையைத் துடைக்கிற நேரம் போன் வந்தது. காய்ச்சல். இன்று அனுப்ப மாட்டார்களாம்.

அந்தக் கேக்கை லிஃப்ட்காரர் ஆஸ்பத்திரி நர்சுகளுக்குக் கொடுத்தார். அவர்கள் எழுத்தின்மேல் கத்தி வைக்க மனம் வராமல் ஓரத்தையே வெட்டிக்கொண்டு வந்து, கடைசியில் "நல்வரவு" மட்டும் தட்டில் நின்றதாம்.

[கடைசியில் நின்றது நான் சேர்த்த சரக்கு. ஓரத்தை மட்டும் வெட்டியது நிஜம்.]

இரண்டாம் முறை, கேக் வெந்து ஆறியபோதே, இன்றும் இல்லை என்று போன் வந்துவிட்டது. அந்தக் கேக்தான் என் ஃப்ரீசருக்கு வந்தது.

3

லிஃப்ட்காரர்மேல் எனக்குச் சந்தேகம். கதைக்கு ஆகாத அளவுக்கு நல்லவராக இருக்கிறாரே என்று குறை தேடினேன். கிடைத்தது. எங்கள் கட்டடத்து லிஃப்ட் வெகுகாலமாகச் செத்துக் கிடந்தது. ஊர் லிஃப்டையெல்லாம் ஓட வைப்பவர் இதைத் தொடவே இல்லை. அது வேறு கம்பெனியின் பொறுப்பு என்று நழுவிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று மனைவியை நாற்காலியில் உட்காரவைத்துப் படி வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாளே அனுமதி வாங்கிக்கொண்டு கருவிப் பையோடு உட்கார்ந்தவர், அது ஓடிய பிறகுதான் எழுந்தார்.

இப்போது எல்லோரும் அதில் போகிறோம், வருகிறோம். அவர் மட்டும் படியில்தான். கேட்டதற்கு, "முதல்ல அவ ஏறட்டும், அப்புறம் நான் ஏறிக்கறேன்" என்றார். அதற்குமேல் குறை தேட எனக்கு மனம் வரவில்லை.

4

இன்று காலை அவர் அக்காவுக்குப் போன் செய்தார்.

"டாக்டர் மதியம் பாத்துட்டுத்தான் சொல்வாங்களாம்க்கா. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். இன்னொரு தடவை ஏமாந்தா என்னால தாங்க முடியாது."

[தொழில் விவரம் கொஞ்சம். உறைந்த கேக் இளக வேண்டும். துகள் கிளம்பாமலிருக்க மெல்லிசாக ஒரு பூச்சு, குளிர வைத்து அதன்மேல் கனமாக இன்னொன்று, பிறகுதான் அலங்காரம். சாயங்காலம் வேண்டுமென்றால் காலையிலேயே எடுத்தாக வேண்டும். இளகியதை மறுபடி உறைய வைத்தால் ருசி கெட்டுவிடும். அக்கா அதைச் செய்யவே மாட்டார். ஆக, சேதி வரும் முன்பே முடிவெடுக்க வேண்டும்.]

அக்கா என் வீட்டுக்கு வந்து ஃப்ரீசரைத் திறந்தார். பின்னாலேயே அவர் கணவர், பாதி சவரத்தோடு.

"அவருதான் வேணாம்னு சொல்லிட்டாரே."

"கேக்தான் வேணாம்னார். அவங்க வர வேணாம்னு சொல்லலையே."

இரண்டு கேக்குகளையும் நெஞ்சோடு அணைத்தபடி போனார். ஐஸ் தட்டை உள்ளே வைக்கப் போனவன், ஏனோ வைக்கவில்லை.

5

முடிவு ஒன்று: இருவரும் வருகிறார்கள், எல்லோரும் கை தட்டுகிறோம். ஒரு வரியில் என்னால் வரவழைத்துவிட முடியும். ஆனால் அது வேகாத கேக்கின்மேல் ரோஜாப்பூ வைக்கிற வேலை.

முடிவு இரண்டு: மறுபடி போன் வருகிறது. விஷயம் தெரிந்தவர்கள் மெச்சுவார்கள். மெச்சட்டும், எனக்கு அந்தம்மா வர வேண்டும். எழுதுகிறவன் இப்படி ஆசைப்படக் கூடாது என்பார்கள். படுகிறேன்.

முடிவு மூன்று: கேக் அக்கா ஜன்னலருகே—

6

இல்லை. ஜன்னலருகே யாரும் இல்லை. அக்கா, அவர் கணவர், நான் மூன்று பேரும் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றித்தான் நிற்கிறோம். கேக் தயார். மஞ்சள் டேப் சுற்றிவந்து முனையோடு முனை சேர்ந்துவிட்டது. மேல்பக்கம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. உருக்கிய சாக்லேட் நிரப்பிய பை அக்காவின் கையில். நுனியை இன்னும் வெட்டவில்லை. எத்தனையோ பேருக்கு எழுதியவர், கத்தரிக்கோலை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறார்.

மதியம் போய்ச் சாயங்காலமும் ஆகிவிட்டது. போன் வரவில்லை.

"வரலைன்னா இதுக்குள்ள போன் பண்ணியிருப்பாரு" என்கிறார் கணவர். வழக்கமான கேலி அவர் குரலில் இல்லை.

லிஃப்ட் கிளம்பும் சத்தம் கேட்கிறது. யாராகவும் இருக்கலாம், இந்த மாடியில் வேறு வீடுகளும் இருக்கின்றன. அக்கா என்னைப் பார்க்கிறார்.

"தனியா வந்தா அவரு படியிலதானே வருவாரு?"

பையை என்னிடம் நீட்டுகிறார். என் கையெழுத்து ஊரறிந்த கோழிக் கிறுக்கல். அதனால் உங்களிடம் தருகிறேன், பிடியுங்கள். நுனியைச் சின்னதாக வெட்டுங்கள்; பெரிதாக வெட்டினால் எழுத்து தடித்துவிடும். என்ன எழுதுவதென்று என்னைக் கேட்காதீர்கள். லிஃப்ட் நம் மாடியில் நின்றுவிட்டது, கதவு திறப்பதற்குள் எழுதுங்கள்.