பாங்காக்கில் எடுத்த வீடியோ

குடும்பத்தோடு பாங்காக் சுற்றுலா போய்த் திரும்பிய மறு ஞாயிற்றுக்கிழமை, புதுப்பட்டினத்தில் ஜெகதீசன் வீட்டில் விருந்து. கல்பாக்கம் அணுமின் நிலைய ஊழியர்களை ஏற்றிப்போகும் வேன்கள் வைத்திருந்தான் அவன். திருவிடந்தையிலிருந்து அவன் அக்கா லோகநாயகியும், செங்கல்பட்டிலிருந்து மனைவி பிரபாவின் தம்பி பூபாலனும் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் ஜெகதீசன் தன் போனை டிவியோடு இணைத்தான்.

"இவ பாங்காக்ல தொலஞ்ச கதையப் பாருங்க."

பிரபா ஐஸ்கிரீம் கிண்ணங்களோடு வந்து நின்றாள். அவள் தனியாகத் தொலைந்து நின்ற அந்தச் சந்தையின் நெரிசல் இன்னும் அவள் கனவில் வந்துகொண்டிருந்தது. பாஸ்போர்ட், போன், காசு எல்லாவற்றையும் பத்திரம் என்று சொல்லி ஜெகதீசன் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொண்டிருந்தான். ஹோட்டல் பெயர்கூட அவள் வாயில் நுழையவில்லை. கடைசியில் அவன் வந்தபோது, மகளை ஹோட்டலில் விட்டுவிட்டுத் தெருத்தெருவாகத் தேடியதாகத் திட்டினான். அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள்.

டிவியில் பிரபா இங்கும் அங்கும் ஓடினாள். கடை கடையாக எட்டிப்பார்த்தாள். வெகு அருகிலிருந்து எடுத்த வீடியோ.

"தேடிகினு இருந்தேன்னு சொன்னீங்களே?"

"பக்கத்துலதான் இருந்தேன், தூண் பின்னாடி. வளையல் கடையில வாயப் பொளந்துகினு நின்னுட்ட. வெளிநாட்டுல ஜாக்கிரதையா இருக்கணும்னு புத்தி வரட்டும்னு வுட்டுட்டேன்."

முதலில் சிரித்தது பூபாலன்தான்.

வீடியோவில் அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். பழம் நறுக்கி விற்கும் பெண் ஒருத்தி ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். கேமராவை நோக்கி விரல் நீட்டி ஏதோ சொன்னாள். யார் தொட்டாலும் உதறிவிடு, எல்லாம் திருட்டுக் கும்பல் என்று ஜெகதீசன் சொல்லி வைத்திருந்தான். பிரபா உதறினாள். அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலோடு மறுபடி வந்தாள், மறுபடி விரல் நீட்டினாள். பிரபா அவளைப் பிடித்துத் தள்ளினாள். பாட்டில் உருண்டது.

"அந்தம்மா உங்களத்தான் காட்டிகினு இருந்துக்கீது."

"ஆமா! கெடுக்கப் பாத்துச்சு. டக்குனு தூண் பின்னாடி பூந்துக்கினோம்."

அப்போது வீடியோவில் அடக்க முடியாத சிரிப்பொன்று கேட்டது. போனைப் பிடித்திருந்தவளின் சிரிப்பு. பிரபா சோபாவில் இருந்த மகளைப் பார்த்தாள். கீர்த்தனா பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

"அப்பாதாம்மா எடுக்கச் சொன்னாரு."

பிரபா கிண்ணங்களைக் கீழே வைத்துவிட்டுப் போய் மகளின் கன்னத்தில் அறைந்தாள். இன்னொரு முறையும் அறைந்தாள். கீர்த்தனாவின் உதடு கிழிந்தது.

"இன்னாடி, புள்ள மேல கை வெக்கிற?" ஜெகதீசன் பிரபாவின் கையை முதுகுப்புறமாக முறுக்கினான்.

"வெளாட்டுக்குப் பண்ணதுக்கா இவ்ளோ ராங்கி?" என்றபடி லோகநாயகி பிள்ளையை அணைத்துக்கொண்டாள்.

பிரபா தம்பியைப் பார்த்தாள். பூபாலன் கிண்ணத்தைச் சுரண்டிக்கொண்டே, "மாமாகிட்ட மன்னிப்புக் கேட்டுடுக்கா, வுட்டுடுவாரு," என்றான்.

கேட்டாள். அதற்குப் பிறகுதான் கையை விட்டான்.

மே விடுமுறையில் அப்பாவும் மகளும் மட்டும் பாலி தீவுக்குக் கிளம்பினார்கள். கீர்த்தனா அம்மாவோடு பேசுவதை அந்த விருந்து நாளோடு நிறுத்தியிருந்தாள். கார் போனதும் பிரபா கேட்டைச் சாத்திவிட்டு வந்து, வெறுந்தரையில் படுத்தாள். வெகு நாட்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.